சின்ன ரு

நூறு வருடம் என்று உறையில் அச்சடித்திருந்தார்கள்.
இரண்டாயிரத்து மூன்றில்
பீல் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கடையில்
ஐம்பது வட்டு அடுக்கிய உருளையை
முப்பத்தொன்பது பிராங்குக்கு நான்தான் வாங்கினேன்.
நூறை யார் இருந்து எண்ணிப் பார்ப்பது,
நம்பினோம்.

ஞாயிறு இரவு ஒரு மணிநேரம் எங்கள் வானொலி.
லொசானிலிருந்து, ஒல்டனிலிருந்து, சென் காலனிலிருந்து
பாத்திரம் கழுவி முடித்த ஈரக் கையோடு
கூப்பிடுவார்கள்.
வதிவிட அனுமதிப் படிவத்தில்
ஏழாம் கேள்விக்கு என்ன எழுதுவது என்று ஒருத்தர் கேட்பார்.
அடுத்தவர் அதற்குப் பதில் சொல்லாமல்
தான் பனியில் வழுக்கி விழுந்த கதையைத் தொடங்குவார்.
சோதிலிங்கம் இரண்டு பேரையும் வெட்டமாட்டார்.
நிகழ்ச்சி எப்போதும் பதினொரு நிமிடம் பிந்தித்தான் முடியும்.

எல்லாம் கசற்றில் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு.
வட்டில் ஏற்றிய கையோடு
இனி எதற்கு இந்தக் குப்பை என்று
முத்திரை ஒட்டிய பையில் கட்டி
வெள்ளிக்கிழமை விடிய
தெருவோரம் வைத்தவனும் நான்தான்.
சோதிலிங்கத்துக்குத் தெரியும். கேட்கவில்லை.
அவர் போய் நாலு வருடம்,
இனிக் கேட்கவும் மாட்டார்.

வட்டுகளை வைத்தது கட்டடத்தின் அடியில்,
போர் வந்தால் ஒளிவதற்கென்று
இந்த நாட்டில் வீடுகளுக்குக் கீழே கட்டிவைக்கும் அறையில்.
இரண்டு சாண் தடித்த கொங்கிறீற் கதவு.
அணுகுண்டுக்கும் அசையாது என்றார்
பராமரிப்பாளர் ட்ஸ்பின்டன்,
மாட்டைத் தட்டுவதுபோல் கதவைத் தட்டி.
குண்டு வரவில்லை.
ஈரம் வந்தது.

இந்த மாசி முழுவதும்
வேலை விட்டு வந்து ஒவ்வொன்றாகச் செருகுகிறேன்.
வாசிப்பான் தொண்டையைச் செருமும்,
சுழலும், வேகம் தணியும், மறுபடி சுழலும்,
கூப்பிட வந்து பெயர் மறந்தவர்போல் நிற்கும்.
பிறகு திரையில் சிவப்பு.
வெளிச்சம் பட்டால் மங்கும் சாயம் என்று படித்தேன்.
இருட்டிலும் மங்கும் என்று பிறகு படித்தேன்.
மலிவான நீலம் ஓடுகிறது, நூறு வருடத் தங்கம் ஓடவில்லை.
மறுநாள் தங்கம் ஓடும், நீலம் மறுக்கும்.
ஒரு ஒழுங்கு கிடைத்தால்
யாரையாவது குற்றம் சொல்ல வசதியாக இருக்கும்.

கிடைத்தது.
திகதி, பெயர், நிகழ்ச்சி இலக்கம் என்று
கறுப்பு மையால் நான் முத்துமுத்தாக எழுதிய வட்டுகள்தான்
முதலில் போயிருக்கின்றன.
மை மேலே நிற்கவில்லை.
அரக்கைத் தின்று, வெள்ளித் தோலைத் தின்று,
என் கையெழுத்தின் வடிவத்திலேயே
உள்ளே இறங்கியிருக்கிறது.
தூக்கிப் பிடித்தால்
நிகழ்ச்சியின் ழகரம் வழியாக
ஜன்னல் தெரிகிறது.

இறுவட்டு என்றுதான் இதற்குப் பெயர் வைத்தோம்.
இறு என்றால் இற்றுப்போ என்றும் பொருள் உண்டு,
பெரிய று.
அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

நேற்று, பெட்டியின் அடியில், எழுத்தே படாத ஒன்று.
செருகினேன். செருமல் இல்லை.
எழுபத்து மூன்று நிமிடம். பிழை பூச்சியம்.

நிகழ்ச்சி இல்லை அது.
பதிவை நிறுத்த மறந்துபோன அறை.
கதிரை இழுபடுகிறது.
கேத்தல் கொதித்துத் தானே அணைகிறது.
சோதிலிங்கம் யாருக்கோ போன் எடுத்து
லீக்ஸ் கிலோ நாலு பிராங்காம் என்று கோபப்படுகிறார்.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை,
அந்த ஒன்றுமில்லை
அவ்வளவு துல்லியம்.
பிறகு என் குரல், இருபது வயது குறைந்து:
அண்ணை, இந்தக் கசற்றுகளை என்ன செய்யிறது?
கேட்டுவிட்டு நிற்கவில்லை நான்,
கதவு சாத்துப்படுகிறது.

சாத்திய கதவுக்கு அவர் ஏதோ சொல்கிறார்.
சரியாக அப்போது ரயில்.
கடைசி இரண்டு எழுத்துத்தான் மிச்சம்: இரு.
வைச்சிரு என்றாரா,
கொஞ்சம் இரு, யோசிப்பம் என்றாரா.
பதினேழு தரம் கேட்டேன்.
ரயில் பதினேழு தரமும் நேரத்துக்கு வந்தது.

மூன்று இடத்தில் பிரதி எடுத்தேன்.
எத்தனை வருடம் தாங்கும் என்று
எதன் உறையையும் பார்க்கவில்லை.
வட்டின்மேல் பேனையைக் கொண்டுபோய்
நிறுத்தினேன்.
வெறும் கடதாசி உறையில், பென்சிலால்,
அழுத்தாமல் எழுதினேன்:
இரு.
சின்ன ரு.